போக்குவரத்து இல்லை

என் மாமாவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதி முடித்துக்கொள்ளலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. அவர் பேரைச் சொல்லப் போவதும் இல்லை. எத்தனையோ பேருடைய பேரைச் சிவப்புப் பேனாவால் அடித்தவர் அவர். ஓர் இடத்தில் அவர் பேர் வராமல் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அம்மாவுடன் பிறந்த அண்ணன். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மாமா டிராக்டரோடு வந்து அம்மாவையும் அக்காவையும் என்னையும் சட்டிபானையோடு ஏற்றிக்கொண்டு போய், கறம்பக்குடிக்குப் பக்கத்தில் தன் வீட்டுக்குப் பின்னாலேயே குடிவைத்தார். பெண்பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அக்காவை நர்சிங் சேர்த்துவிட்டதும், பன்னிரண்டாவது முடித்த என்னைக் கறம்பக்குடி கடைவீதியில் இருக்கும் பிரஸ்ஸில் டிடிபி வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. இதைச் சொன்னால்தான் என் கோபம் எதன் மேல் என்று தெரியும்.

அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் 'போக்குவரத்து இல்ல' என்பது. பஸ் ஓடாத ஊரைப் பற்றிப் பேசுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம் வேறு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போவதும் வருவதும் நின்றுவிட்டது என்று அர்த்தம். காதுகுத்துக்கு அழைக்க மாட்டார்கள், அழைத்தாலும் போக மாட்டார்கள். சாவுக்கு ஆள் விட்டுச் சொல்ல மாட்டார்கள், காதில் விழுந்தாலும் போக மாட்டார்கள். அந்த வீட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. யாராவது தெரியாத்தனமாக "அவங்களோட ஒங்களுக்குச் சண்டையாமே" என்று கேட்டுவிட்டால் மாமா உடனே திருத்துவார்.

"சண்டையெல்லாம் இல்லப்பா. சண்டைன்னா இன்னைக்கு இருக்கும், நாளைக்குச் சேந்துக்கிருவோம். பேச்சு இல்லைன்னா அதுவும் ஒரு வருசம் ரெண்டு வருசம். இது போக்குவரத்து இல்ல. அம்புட்டுத்தான்."

குரலை உயர்த்த மாட்டார். எத்தனை மணி என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். கோபப்பட்டாலாவது காலில் விழுந்து கெஞ்சலாம். அவர் கோபமே படாமல் ஆளை அறுத்துவிடுவார்.

எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் இடையில் போக்குவரத்து இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். அதனால்தான் எங்கள் பங்காளி வகையிலும் மாமன் மச்சான் வகையிலும் எந்த விசேஷத்துக்கும் பத்திரிகை எழுதுவது அவர் வேலையாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பெண் பேரைவிடக் கீழே வருகிற பேர்கள்தான் முக்கியம். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாலு பக்கத்துக்குப் போகும். ஒரு பேர் விட்டுப்போனால் ஒரு வீடு வராது. சேரக்கூடாத பேர் சேர்ந்துவிட்டால் பத்து வீடு வராது. வீட்டில் கல்யாணம் வைத்தவன் மண்டபம் பார்க்கும் முன்னால் மாமாவைத்தான் பார்க்க வருவான்.

நான் பிரஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்தப் பத்திரிகைகள் எல்லாம் என் கைக்கு வந்தன. மாமா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். புரூஃப் எடுத்துக் கொடுத்தால் சட்டைப் பையிலிருந்து அரையடி இரும்பு ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் எடுப்பார். வேண்டாத பேரைச் சும்மா கிறுக்கி அடிக்க மாட்டார். ஸ்கேலை வைத்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு போடுவார். அந்த ஸ்கேலின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு ஏறி இருந்தது.

"அடிச்ச பேரு அடியில தெரியக் கூடாதுத்தா. தெரிஞ்சா, இருந்துச்சு எடுத்துட்டாங்கன்னு ஆகிப்போகும். இல்லவே இல்லைன்னு இருக்கணும்" என்பார்.

அச்சான பத்திரிகையை டிவிஎஸ் ஃபிப்டியில் ஒயர்கூடை மாட்டிக்கொண்டு அவரே வீடு வீடாகக் கொண்டுபோவார். ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி என்று எங்கே சொந்தம் இருந்தாலும் அவர்தான். வாட்சப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்டதற்கு, "அது சேதி. அழைப்புன்னா வாசல்ல போயி நிக்கணும்" என்றார்.

கருமாதிப் பத்திரிகைக்கு அவரிடம் தனிச் சட்டம் இருந்தது. மேலே உத்தரகிரியைப் பத்திரிகை என்று அச்சடித்தாலும் பேச்சில் எல்லோருக்கும் அது கருமாதிப் பத்திரிகைதான். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலோடு கொடுத்துவிட்டு, வாரேன் என்று சொல்லாமல் திரும்ப வேண்டும். கொடுத்தவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் பிரித்துப் படிக்க வேண்டும். படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். இதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வது. மாமாவுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. புரூஃபைப் பத்து தடவை படிப்பார், ஆனால் அச்சாகி மடித்து வந்த கருமாதிப் பத்திரிகையைப் பிரித்தே பார்க்க மாட்டார். எழுதியவன் அதை மறுபடியும் படித்தால் அவன் கையால் சீக்கிரமே இன்னொன்று எழுத வேண்டிவரும் என்பார். வெளிமடிப்பில் வீட்டுக்காரர் பேரை எழுதிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

ஒரு தடவை எங்கள் ஊரில் ஒரு வைக்கோல்போர் தீப்பிடித்தது. அது மாமா வீட்டோடு ஒன்பது வருடமாகப் போக்குவரத்து இல்லாத வீடு. முதல் குடம் தண்ணீரோடு ஓடியவர் மாமாதான். போர்க்கம்பால் எரிகிற வைக்கோலைத் தள்ளி, மாட்டைக் கயிறறுத்துவிட்டு, புருவமெல்லாம் பொசுங்கி நின்றார். தீ அணைந்ததும் அந்த வீட்டு அம்மாள் ஒரு செம்பு நீர்மோரோடு வந்து, "குடிங்கண்ணே" என்று நீட்டினார்.

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "நமக்குள்ள போக்குவரத்து இல்லைல்லம்மா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்த அம்மாள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஊரே இதைப் பெருமையாகச் சொல்லும். வைராக்கியம் என்றால் அது வைராக்கியம் என்பார்கள். நானும் பிரஸ்ஸில் உடன் வேலை செய்தவர்களிடம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தீயை அணைத்துக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்காரியைப் பற்றவைத்துவிட்டுப் போகிறவனுக்குப் பேர் வைராக்கியமாம்.

அக்கா திருச்சியில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது அங்கேயே லேப்பில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு ஆட்கள். அதற்கு மேல் விளக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் தேவைப்படாது. நாங்கள் அடி உதையை எதிர்பார்த்தோம். மாமா திருச்சிக்கும் போகவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அன்று காலை இட்லி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"மூத்தவளோட இனி நமக்குப் போக்குவரத்து இல்ல. அழுகுறதா இருந்தா இன்னைக்கு ஒரு நா அழுதுக்க."

சாதி என்ற சொல்லை மாமா வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவருக்கு அது தேவைப்படவில்லை. அந்த அசிங்கத்தை எல்லாம் துடைத்து மடித்து வைக்க இந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வேறு யாராவது கேட்டாலும் சொல்வதற்குக் கௌரவமாக இருக்கிறதே. போக்குவரத்து இல்லையாம். பெற்ற தாயிடமிருந்து மகளைப் பிடுங்கி எடுத்ததற்கு அதுதான் பேர்.

அம்மா செவ்வாய்க்கிழமைகளில் ஏதாவது சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பிரஸ்ஸுக்கு வருவாள். நான் போனில் அக்காவைப் பிடித்துக் கொடுப்பேன். பேப்பர் கட்டு அடுக்கிய இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பேசுவாள். சாப்பிட்டியா, சளி பிடித்ததே விட்டதா, பிள்ளை நடக்கிறானா என்று கேட்பாள். பேரனை அவள் போனில்தான் பார்த்தாள். அறுபது வயதுப் பெண் பெற்ற மகளோடு பேசத் திருடியைப்போல வர வேண்டியிருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் கல்யாணப் பத்திரிகையை நானேதான் அடித்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். பெண்ணின் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் நான் அக்கா பேரையும் சேர்த்து அடித்துவிட்டேன். வேண்டுமென்று அடித்ததா, விரல் தானாகப் போனதா தெரியாது. மாமா திரையைப் பார்த்தார். ஸ்கேலை எடுக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை.

"நீயே எடுத்துருத்தா" என்றார்.

நான் எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தேன். அவர் அடித்த பேர்களுக்கெல்லாம் அவர் மேல் கோபப்படலாம். அந்தப் பேரை அழித்தது என் விரல். அக்கா என் கல்யாணத்துக்கு வரவில்லை. "ஒனக்குப் பிரச்சினை வந்துரக் கூடாதுல்ல" என்று போனில் அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மா பிரஸ்ஸுக்கு வந்தாள். போனைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங் கல்யாணப் பத்திரிகையிலதான் அவ பேரு இல்ல. எம் பத்திரிகையிலயாச்சும் போட்டுரு. ரெண்டு புள்ள பெத்தேன். ஒண்ணுன்னு போட்டு அனுப்பிராத."

"என்னம்மா பேசுற" என்றேன்.

"போடுவியா மாட்டியா, அதச் சொல்லு."

"போடுறேன்" என்றேன். அவள் எழுந்து, வாங்கிவைத்திருந்த கத்திரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஐந்து வருடம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்திரண்டு நாளும் மாமா தினம் காலையில் தூக்குவாளியில் கஞ்சியோடு பஸ் ஏறி வந்தார். தங்கச்சியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பாசம் இருக்கிற மனுஷன் ஏன் இப்படி என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது பெரிய புதிராகத் தெரியவில்லை. அவர் பாசத்துக்கும் ஒரு புரூஃப் உண்டு. அதில் பேர் இருக்கிறவர்களுக்கு உயிரைக் கொடுப்பார்.

நான் போனில் சொல்லி அக்கா சாவுக்கு வந்துவிட்டாள். புருஷனையும் பிள்ளையையும் திருச்சியிலேயே விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் தனியாக வந்தாள். பந்தல் வரைக்கும் வந்தவளை யாரும் கையைப் பிடித்துத் தள்ளவில்லை. மாமா பெஞ்சியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம், "வந்தது வந்துட்டா. அங்கிட்டே நின்னு பாத்துட்டுப் போகட்டும்" என்றார். அதுவே போதும். பெண்கள் இரண்டு பேர் எழுந்து பந்தல் வாசலை அடைத்து நின்றுகொண்டார்கள். அக்கா எதிரே தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றாள். அம்மா முகம் அங்கிருந்து தெரியாது. பாடையின் மேல் கட்டிய பூதான் தெரியும்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. மகள் முதலில் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். பிறகு இன்னொரு பிடி எடுத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு புள்ளைக்கு ஒரு தடவதான்த்தா."

"இது அக்காவோடது மாமா."

"அப்பிடி ஒரு கணக்கு இங்க இல்ல" என்றார். பிடியை விடவில்லை. அழுத்தவும் இல்லை. என் விரல்தான் தளர்ந்தது. அரிசி அம்மாவின் கழுத்துக்குப் பக்கத்தில் பாடையில் சிந்தியது, கொஞ்சம் தரையில் விழுந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். நான் அழுகையை அப்போதே நிறுத்திவிட்டேன். எனக்குள் வேறொன்று ஏறி உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு மாமா பிரஸ்ஸுக்கு வந்தார். நானும் வந்தேன். துக்க வீட்டுக்காரி கடைக்கு வரலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவ அம்மா பத்திரிகைய அவ அடிக்காம வேற எவ அடிப்பா" என்று மாமாவே சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுதுத்தா. இப்படிக்கு, கீழ அண்ணன்னு எம் பேரு. அடுத்து மகள், ஒம் பேரு. மருமகன்…"

முதல் புரூஃபில் நான் அக்கா பேரைச் சேர்த்தே கொடுத்தேன். அவர் ஸ்கேலை வைத்தார். மூன்று கோடு போட்டார். அடியில் எழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அம்மா கேட்டுச்சு மாமா" என்றேன். "எங்கிட்டச் சத்தியம் மாதிரி வாங்குச்சு. ரெண்டு புள்ளன்னு போடச் சொல்லுச்சு."

அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, நான் பொய் சொல்ல மாட்டேன். துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கும். தாய் மனசு கேக்கத்தான் செய்யும். அதுக்காகப் போக்குவரத்து இல்லாத பேர எப்பிடித்தா போட முடியும்?"

இரண்டாவது புரூஃபில் அக்கா பேரை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று புறப்பட்டார். டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் முக்கம் திரும்பும் வரை காத்திருந்தேன். மகள் என்பதை மகள்கள் ஆக்கினேன். முதலில் அக்கா பேர், அடுத்து என் பேர். மருமகன்களிலும் அவள் புருஷன் பேர், பேரப்பிள்ளைகளிலும் அவள் பிள்ளை பேர். மெஷின் ஓட்டும் அண்ணனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடிப்பதற்கும் ஆள் வைக்கவில்லை. முன்னூறு பத்திரிகையையும் நானே நாலாக மடித்தேன். உள்ளே இருக்கும் ஓர் எழுத்தும் வெளியே தெரியாதபடி நகத்தால் அழுத்தி மடித்தேன்.

மறுநாள் வந்தார். கட்டுகளை எடுத்தார். வெளிமடிப்பில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வீட்டுக்காரர் பேராக எழுதினார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்றைப் பிரித்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். பிரிக்கவில்லை. அவர் சட்டம் அவரை விடவில்லை. கூடையில் அடுக்கி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பது நாள். சித்திரை வெயிலில், அறுபத்தெட்டு வயதில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று வீடு வீடாக வாசலில் நின்று என் அக்கா பேரைக் கொடுத்துவிட்டு, வாரேன் என்று சொல்லாமல் திரும்பினார். எனக்கு அந்த ஒன்பது நாளும் இனித்தது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் இனித்தது. படித்தவர்கள் யாரும் போன் போட்டு அவரைக் கேட்கவில்லை. மாமா செய்கிற காரியத்துக்குக் காரணம் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு ஒரு பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தேன். கையில் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். பதினாறாம் நாள் புருஷன் பிள்ளையோடு வந்து இறங்கினாள். அன்று பந்தல் வாசலை யாரும் அடைக்கவில்லை. அதே இரண்டு பெண்களும் நகர்ந்து இடம் கொடுத்து, "வாத்தா, இங்கிட்டு ஒக்காரு" என்றார்கள். மாமா பெஞ்சியிலிருந்து எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அறந்தாங்கியிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நீங்களே கொண்டாந்து குடுத்த பத்திரிகையில மூத்தவ பேரப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெரிய மனசு ஒங்களுக்கு."

"எந்தப் பத்திரிகையில?" என்றார் மாமா.

மைத்துனர் கருமாதித் தேதி மறக்காமல் இருக்கக் கிழிக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். மாமா அதைப் பிரித்தார். தன் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கத்தப் போகிறார், இந்தப் பிள்ளை என்னை ஏமாற்றிவிட்டது என்று ஊர் முன்னால் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் பத்திரிகையை இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

"ஆமா மச்சான், போட்டுட்டேன். ரத்தமாச்சே" என்றார்.

படிக்காமல் பத்திரிகை கொடுத்தவன் என்ற பேரைவிட, பெரிய மனசுக்காரன் என்ற பேர் அவருக்குத் தோதாக இருந்தது. பத்து பேர் வந்து கையைப் பிடித்தார்கள். அக்கா வந்து காலில் விழுந்தாள். தலையில் கைவைத்து, "நல்லா இருத்தா" என்றார். அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சுவரைப் பார்த்துப் பேசியது, நான் சிந்திய அரிசி, தொட்டியடியில் அக்கா நின்ற நிலை எல்லாம் சேர்ந்து அவர் பெருமையில் போய் வரவாகிவிட்டது. எனக்குக் கையில் இருந்த ரசவாளியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

பந்தியில் அவர் இலைக்கு ரசம் ஊற்றப் போனேன். உள்ளங்கையை விரித்து இலையை மூடினார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"மூத்தவளோட இருக்கு. ஒன்னோட இல்ல."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் பிரஸ் வாசலை மிதிக்கவில்லை. பத்திரிகைகளைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் அடித்தார். என் பிள்ளைக்குக் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கோடு போய் வாசலில் நின்றேன். அத்தையை விட்டு, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். டிவிஎஸ் ஃபிப்டி வாசலிலேயே நின்றிருந்தது. திருச்சியில் அக்கா வீடு குடிபோனபோது முதல் ஆளாகத் தட்டோடு போய் நின்றவர் அவர். அக்கா எனக்காக எத்தனையோ முறை அவரிடம் பேசினாள். "அவ சங்கதி வேறத்தா" என்பாராம். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வருடக்கணக்கில் கிடைக்காத தாய்மாமன் கிடைத்திருக்கிறார், அவளும் என்ன செய்வாள். அப்படி நினைத்தாலும் எனக்கு அவள் மேலும் கோபம் வராமல் இல்லை.

ஆறு வருடம் அப்படிப் போனது. போன மாதம் அவர் செத்துப்போனார். எனக்கு ஆள் வந்து சொல்லவில்லை. சொல்லாத சாவுக்கு எப்படிப் போவது? கடைவீதியில் ஒட்டியிருந்த போஸ்டரில்தான் பார்த்தேன். அன்று முழுக்கப் பிரஸ்ஸில் உட்கார்ந்து யாருடைய பூப்புனித நீராட்டு விழாவுக்கோ பேர் அடித்துக்கொண்டிருந்தேன். தூக்குவாளியோடு தஞ்சாவூருக்கு வந்த மனுஷன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. வரக் கூடாது என்று நினைத்தேன், வந்தது.

பத்து நாள் கழித்து அக்கா பிரஸ்ஸுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு கருமாதிப் பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு நேரா இங்க கொண்டாந்துட்டேன். மாமாவே நாலு வருசத்துக்கு முன்னாடி எழுதி வச்சிருந்தாராம். தேதி மட்டும் விட்டுவச்சிருந்தாராம். அப்பிடியே அடிச்சிருக்காங்க."

பிரித்தேன். யாரோ அவசரத்தில் அடித்த எழுத்து, வரிக்கு வரி இடைவெளி ஒழுங்காக இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அதற்குக் கீழே தங்கை மகள் என்று போட்டு அக்கா பேர். அக்கா புருஷன் பேர், பிள்ளை பேர். அடுத்த வரியில் பங்காளிகள் வந்துவிட்டார்கள்.

ஒரு தடவை தன் கையால் ஊருக்குக் கொடுத்த பேரை அவர் கடைசி வரை மாற்றவில்லை. அறுத்ததையும் மாற்றவில்லை. இரண்டு பிள்ளை பெற்றேன், ஒன்று என்று போட்டு அனுப்பிவிடாதே என்று என் அம்மா கேட்டாள். அவளுக்கு மறுபடியும் ஒரு பிள்ளைதான்.

"நான் போகலடி" என்றாள் அக்கா. "ஒம் பேரு இல்லாத எடத்துக்கு நான் எப்பிடிப் போவேன்?"

"கிறுக்கி மாதிரிப் பேசாத. நீ போகலைன்னா மறுபடி ஒனக்குப் போக்குவரத்து இல்லைன்னு ஆக்கிருவானுக. போ. போயி மொத வரிசையில ஒக்காரு."

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவளைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது பத்திரிகை மேசையிலேயே இருந்தது. படித்துவிட்டால் கிழித்துப் போட வேண்டும். இரண்டு கையாலும் பிடித்தேன். எத்தனை வருடக் கோபம், குறுக்கே ஓர் இழுப்பு போதும். ஆனால் கிழித்தால் அக்கா பேரும் சேர்ந்துதான் கிழியும். அதை ஒரு தடவை அழித்த விரல் இது. தன் பத்திரிகையைக் கிழித்துப் போடக்கூட என்னால் முடியாதபடி செய்துவிட்டுப் போய்விட்டார்.